கருப்புக் கார்டும் அப்பாவின் இனிஷியலும்

தம்பி,

போன சனிக்கிழமை ஹாரோவில் சாப்பிடப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பில் வந்ததும் உன் சிநேகிதன் பர்ஸிலிருந்து ஒரு உலோகக் கார்டை எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டான். 'டங்' என்று ஒரு சத்தம். பக்கத்து மேஜையில் ரவா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமிகூடத் திரும்பிப் பார்த்தார். சர்வர் பையன் மெஷினோடு வந்து கார்டைப் பார்த்துவிட்டு, "சாரிண்ணா, இது இங்க எடுக்காது, வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டான். கடைசியில் பில்லைக் கட்டியது நான்தான், என் சாதா டெபிட் கார்டில். 46 பவுண்டு. அது உன் கண்ணில் படவே இல்லை. காதில் விழுந்தது அந்த 'டங்' மட்டும். ராத்திரி 12 மணிக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறாய்: "அக்கா, பிரைவேட் பேங்க் கார்டு வாங்க என்ன பண்ணணும்?"

18 வருஷமாக ஒரு சின்ன அக்கவுன்டன்ட் ஆபீஸில் ஊரார் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர், டிரைவர், கடைக்காரர், கோயில் கமிட்டி என்று எல்லாருடைய கணக்கும் என் மேஜைக்கு வரும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் எதற்கு ஆசைப்படுகிறோம் என்று தெரிந்துகொண்டு ஆசைப்படு.

எந்தக் கார்டு என்று முதலில் பிரி

உலோகத்தில் இருப்பதெல்லாம் பெரிய இடத்துக் கார்டு இல்லை. உன் சிநேகிதன் வைத்திருப்பது பணம் கட்டினால் கிடைக்கும் கார்டாகத்தான் இருக்கும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினத்துக்கு லண்டனில் வருஷக் கட்டணம் 650 பவுண்டு. ஓரளவு சம்பளமும் சுத்தமான கடன் வரலாறும் இருந்தால் ஆன்லைனில் விண்ணப்பித்தே வாங்கிவிடலாம். அதே கம்பெனியின் 'சென்டூரியன்' வேறு ரகம். 1999-ல் வந்தது. கருப்புக் கார்டு என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். அதற்கு அவர்களே கூப்பிட வேண்டும்.

அடுத்தது பெரிய வங்கிகளின் பிரீமியர் கணக்கு. ஹெச்.எஸ்.பி.சி. பிரீமியர் மாதிரி. இத்தனை சம்பளம் அல்லது இத்தனை சேமிப்பு என்று வாசலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். அதை எட்டினால் கணக்கு உண்டு, கணக்கு இருந்தால் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். இந்த வரம்புகளை அடிக்கடி உயர்த்துகிறார்கள். அதனால் வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததை நம்பாதே, அன்றைய தேதியில் வங்கியின் தளத்தைப் பார்.

மூன்றாவதுதான் நீ கேட்பது, நிஜமான பிரைவேட் பேங்க். லண்டனில் இது 300 வருஷத்துக்கும் மேலான தொழில். சி. ஹோர் அண்ட் கோ 1672-ல் தொடங்கியது. இன்றைக்கும் அதே குடும்பத்தின் கையில், ஃபிளீட் ஸ்ட்ரீட்டில்தான் இருக்கிறது. குட்ஸ் 1692-ல் தொடங்கியது, இப்போது நாட்வெஸ்ட் குழுமத்துக்குச் சொந்தம். இரண்டுமே தட்டார் கடையாகத் தொடங்கி வங்கியானவை. தங்கத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்தவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, அப்படியே வங்கியாக வளர்ந்தவர்கள். நம்ம ஊர் நகைக்கடைக்காரர் மாதச் சீட்டு பிடிப்பதை நினைத்துக்கொள்.

குட்ஸ் ஆபீஸ் சாரிங் கிராஸ் ஸ்டேஷனுக்கு எதிரே, ஸ்ட்ராண்ட் 440-ல் இருக்கிறது. அந்தக் கண்ணாடி முகப்பைத் தாண்டி எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருப்பாய். உள்ளே போர்டு ரூமில் கையால் வரைந்த சீனத்துச் சுவர்த்தாள் ஒட்டியிருக்கிறது. அதை அந்தக் காலத்தில் வங்கியை நடத்திய தாமஸ் குட்ஸுக்குக் கொடுத்தவர் மெக்கார்ட்னி பிரபு. சீனாவுக்குத் தூது போவதற்கு முன்னால், 1781 முதல் 1785 வரை, இவர்தான் நம்ம மதராஸ் கவர்னர். கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த வழியாகப் போனால் நினைத்துக்கொள்வாயே என்று சொல்கிறேன்.

கார்டு தனியாகக் கிடைக்காது

இந்த இடத்தில்தான் நீ தடுமாறுகிறாய். பிரைவேட் பேங்க் என்பது கார்டு விற்கிற கடை இல்லை. குட்ஸில் சில்க் கார்டு என்று ஒன்று உண்டு. லவுஞ்ச், கன்சியர்ஜ் எல்லாம் அதில் வரும். ஆனால் "சில்க் கார்டு மட்டும் கொடுங்க" என்று போய் நிற்க முடியாது. கல்யாண வீட்டில் தாம்பூலப் பை மாதிரிதான் அது. பை வேண்டுமென்றால் கல்யாணத்துக்கு அழைப்பு வந்திருக்க வேண்டும்.

அந்த அழைப்புக்கு என்ன விலை? 2023-ல் அரசியல்வாதி நைஜல் ஃபராஜின் கணக்கு விவகாரம் வந்தபோது குட்ஸின் அளவுகோல் ஊருக்கே தெரிந்துவிட்டது. 10 லட்சம் பவுண்டு முதலீடோ கடனோ இருக்க வேண்டும், இல்லையென்றால் 30 லட்சம் பவுண்டு சேமிப்பு. 'கடனோ' என்பதைக் கவனித்தாயா? அவர்களிடம் பெரிய வீட்டுக் கடன் வாங்குவதும் உள்ளே போகிற ஒரு வழிதான். ஒரு கிளினிக்கும் இரண்டு வீடும் வைத்திருக்கிற டாக்டர் குடும்பத்துக்கு, கையில் ரொக்கம் இல்லாவிட்டாலும், இந்த வழி திறக்கலாம்.

ஃபராஜ் கதையில் அரசியலை விடு. அவருடைய கணக்கை வங்கி மூடியது. அதற்கு அவருடைய கருத்துகளும் காரணமா என்பதுதான் அன்றைய பெரிய சண்டை. கடைசியில் நாட்வெஸ்ட் தலைமை அதிகாரி அலிசன் ரோஸ் அந்த ஜூலையிலேயே பதவியை விட்டுப் போனார். நமக்கு வேண்டிய பாடம் அதற்குள் சின்னதாக ஒளிந்திருக்கிறது. அவருடைய வீட்டுக் கடன் முடிகிற கட்டத்தில் இருந்தது. அது போனால் அவர் வங்கியின் அளவுகோலுக்குக் கீழே வந்துவிடுவார் என்றும் அந்த ஆவணங்களில் இருந்தது. அதாவது நுழைந்த அன்றைக்கு மட்டும் தகுதி இருந்தால் போதாது, இருக்கிற வரைக்கும் இருக்க வேண்டும். நம்ம ஊரில் கடனை அடைத்தால் பாயசம் வைப்போம். அங்கே கடனை அடைத்தால் மெம்பர்ஷிப் ஆட்டம் காணும்.

இன்னொன்று. அந்த ஆவணங்கள் அவர் கைக்கு எப்படி வந்தன தெரியுமா? டேட்டா பாதுகாப்புச் சட்டப்படி, "என்னைப் பற்றி நீங்கள் வைத்திருப்பதையெல்லாம் கொடுங்கள்" என்று எழுதிக் கேட்டார். இதே உரிமை உனக்கும் எனக்கும் உண்டு. கட்டணம் கிடையாது, பொதுவாக ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். எந்த வங்கியாவது காரணம் சொல்லாமல் உன்னைத் தட்டிக்கழித்தால் இதைச் செய். கார்டு கிடைக்காமல் போனாலும் காரணம் கிடைக்கலாம்.

உட்கார்ந்து ஒரு கணக்குப் போடு

உன்னிடம் 10 லட்சம் பவுண்டு இல்லை, எனக்குத் தெரியும். இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அதை ஒரு பிரைவேட் பேங்கில் முதலீட்டு நிர்வாகத்துக்குக் கொடுக்கிறாய். எல்லாக் கட்டணமும் சேர்த்து வருஷத்துக்கு 1 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள். 10,000 பவுண்டு. அதே பணத்தைச் செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டால் இதில் சின்னப் பங்குதான் போகும். மிச்சம் எவ்வளவோ, அதுதான் உன் கார்டின் உண்மையான வருஷக் கட்டணம். ஹீத்ரோ லவுஞ்சில் இரண்டு சமோசாவும் ஒரு காபியும் சாப்பிட இவ்வளவா?

வரி விவரம், சொத்துப் பிரிவினை, உயில், பிசினஸ் விற்பனை என்று சிக்கலான தேவை உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணம் நியாயம்தான். அவர்களுக்கு ஒரு ஆள் போனை எடுக்க வேண்டும், அதற்காகக் கொடுக்கிறார்கள். உனக்கு இருப்பது ஒரு சம்பளம், ஒரு ஃபிளாட், ஒரு கார். போனை எடுக்க நான் இருக்கிறேன்.

சேமிப்பாகவே கொண்டுபோய் வைத்தால் இன்னொரு தொல்லை. வங்கி கவிழ்ந்தால் டெபாசிட் காப்புத் திட்டம் ஒரு வங்கியில் ஒரு ஆளுக்கு 1,20,000 பவுண்டு வரைக்கும்தான் திருப்பித் தரும். 2025 டிசம்பர் வரை அது 85,000-ஆகத்தான் இருந்தது. கார்டுக்காக எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைத்து, கூடையைக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டியிருக்கும்.

யூடியூபில் அமெரிக்காக்காரன் காட்டுகிற சலுகைகளை வைத்து இங்கே கணக்குப் போடாதே. கார்டு தேய்க்கும்போது கடைக்காரரின் வங்கியிடமிருந்து கார்டு கொடுத்த வங்கிக்கு ஒரு சிறு பங்கு போகும். ஐரோப்பிய யூனியன் 2015-ல் அதற்கு உச்சவரம்பு கொண்டுவந்தது: கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம். பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் இங்கே அந்த வரம்பு தொடர்கிறது. அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக்கு இப்படி ஒரு வரம்பு இல்லை. அங்கே பாயின்ட் மழையாகப் பெய்வதற்கும் இங்கே தூறுவதற்கும் முக்கியக் காரணம் இதுதான். அமெக்ஸ் தானே கார்டு கொடுத்துத் தானே கடைக்காரரிடம் வசூலிக்கிற அமைப்பு, அதனால் அந்த வரம்புக்குள் வராது. கடைக்காரருக்கு அதிகச் செலவு. ஹாரோவில் அந்தப் பையன் ஏன் "எடுக்காது" என்றான் என்று இப்போது புரிகிறதா?

உன் பெயர் எத்தனை பேர்?

சரி, பிரைவேட் பேங்கோ பிரீமியரோ சாதாவோ, எந்தக் கார்டுக்குப் போனாலும் முதலில் பார்ப்பது உன் கடன் வரலாற்றை. எக்ஸ்பீரியன், எக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று நிறுவனங்கள் அதை வைத்திருக்கின்றன. மூன்று பேருக்கும் மூன்று அளவுகோல். டிரான்ஸ்யூனியனில் 710 தான் உச்சம், எக்விஃபேக்ஸில் 1000. "என் ஸ்கோர் 640" என்று சொன்னால் எங்கே 640 என்று கேட்க வேண்டும். வங்கி அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதும் இல்லை, அறிக்கையைப் பார்த்துத் தனக்கென்று ஒரு கணக்குப் போடும். அதனால் நீ பார்க்க வேண்டியது அறிக்கையை. சட்டப்படி அது இலவசம், மூன்று இடத்திலும் வாங்கு.

நம்மவர்களுக்கு அந்த அறிக்கையில் காத்திருக்கிற வில்லன் யார் தெரியுமா? அப்பாவின் இனிஷியல்.

போன வருஷம் நம் வீட்டுச் சமையலறை மேஜையில் உன் பேப்பர்களை விரித்து உட்கார்ந்தோமே. பாஸ்போர்ட்டில் உன் பெயர் முன்னால், அப்பா பெயர் சர்நேம். நீ வந்த புதிதில் கணக்குத் திறந்த வங்கியில் அப்பா பெயர் முன்னால், உன் பெயர் பின்னால். மொபைல் கம்பெனியில் வெறும் இனிஷியலும் உன் பெயரும். கவுன்சில் டாக்ஸ் பில்லில் அப்பா பெயரே எழுத்துப் பிழையோடு. ஊர் பள்ளிக்கூடத்தில் 'கே. போட்டு எழுதுங்க சார்' என்று ஒரு எழுத்தில் முடிந்த விஷயம், இங்கே நான்கு மனிதர்களாகி நிற்கிறது. கடன் நிறுவனத்தின் கணினிக்கு நீ ஒரு ஆள் இல்லை. ஒருத்தன் ஆறு வருஷமாக ஒழுங்காகக் கட்டுகிறான், இன்னொருத்தன் நேற்று முளைத்தவன். விண்ணப்பம் போட்டவன் நேற்று முளைத்தவன் என்றால் கார்டு எப்படி வரும்?

செய்ய வேண்டியது இது. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதுதான் இனிமேல் உன் பெயர். வங்கி, மொபைல், கரண்ட், கவுன்சில், வீட்டுக் கடன், ஆபீஸ் பே ஸ்லிப் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மாற்று. ஒரு சனிக்கிழமை முழுக்கப் போன் பண்ண வேண்டியிருக்கும், பண்ணு. வீட்டு முகவரியும் அதே மாதிரிதான். ஈஸ்ட் ஹாமில் நீ இருந்த வீடு ஒரு இடத்தில் '14ஏ', இன்னொரு இடத்தில் 'ஃபிளாட் 1, 14', மூன்றாவதில் 'முதல் மாடி'. ராயல் மெயில் தளத்தில் உன் போஸ்ட்கோடைப் போட்டு அங்கே எப்படி வருகிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுது.

அடுத்து வோட்டர் லிஸ்ட். "நான் இந்தியன், எனக்கு எப்படி இங்கே ஓட்டு?" என்று இத்தனை வருஷம் சும்மா இருந்தாயே! இந்தியா, இலங்கை இரண்டும் காமன்வெல்த் நாடுகள். இங்கே வசிக்க அனுமதி உள்ள காமன்வெல்த் குடிமக்கள் தாராளமாகப் பதிவு செய்யலாம், ஓட்டும் போடலாம். கடன் நிறுவனங்கள் நீ அந்த முகவரியில்தான் இருக்கிறாய் என்று உறுதிசெய்ய முதலில் தேடுவது அந்தப் பட்டியலைத்தான். ஐந்து நிமிஷ வேலை. என் ஆபீஸுக்கு வருகிற பாதி இந்தியர்கள் இதைச் செய்யவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரியாது. 2009-ல் மேனர் பார்க்கில் ஒரு ரூமைக் காலி செய்துகொண்டு கிளம்பினேன். மொபைல் கான்ட்ராக்ட் முடிந்தது என்று நினைத்து டைரக்ட் டெபிட்டை நிறுத்திவிட்டேன். கடைசி பில் 18 பவுண்டு பாக்கி. கடிதமெல்லாம் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. அந்த வீட்டு மணி அண்ணாச்சி அதையெல்லாம் பத்திரமாக ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார், பாவம், என்றைக்காவது வருவேன் என்று. அந்த 18 பவுண்டு 'டிஃபால்ட்' ஆகி ஆறு வருஷம் என் அறிக்கையில் உட்கார்ந்திருந்தது. முதல் வீட்டுக் கடன் விண்ணப்பம் அதனாலேயே திரும்பி வந்தது. உன் மாமா மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. அன்றிலிருந்து எனக்கு 18 என்ற எண்ணே ஆகாது.

டிஃபால்ட், கோர்ட் தீர்ப்பு எல்லாமே ஆறு வருஷம் நிற்கும். கோர்ட் தீர்ப்பு வந்தால் ஒரு மாதத்துக்குள் முழுசாகக் கட்டிவிட்டால் பதிவிலிருந்து நீக்கச் சொல்லலாம், இது பலருக்குத் தெரியாது. அறிக்கையில் தப்பு இருந்தால் திருத்தச் சொல்லி எழுது. நியாயமான காரணம் இருந்தால், 200 வார்த்தைக்குள் உன் பக்க விளக்கத்தைச் சேர்க்கச் சொல்லவும் உரிமை உண்டு. பழைய ரூம்மேட்டோடு சேர்த்து ஜாயின்ட் அக்கவுன்ட் வைத்திருந்தாயே, மூடியாகிவிட்டதா? மூடினால் மட்டும் போதாது. அவனோடு உனக்கிருக்கும் நிதித் தொடர்பைத் துண்டிக்கச் சொல்லி மூன்று நிறுவனத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இல்லையென்றால் அவன் கடன் கட்டாதது உன் விண்ணப்பத்திலும் வாசம் அடிக்கும்.

இருக்கிற கார்டில் டைரக்ட் டெபிட்டை 'முழுத்தொகை' என்று மாற்று. 'மினிமம்' என்று இருந்தால் இப்போதே, இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய் மாற்று. ஆசைக்கு ஆசை நாலு இடத்தில் ஒரே வாரத்தில் விண்ணப்பம் போடாதே. ஒவ்வொரு விண்ணப்பமும் தேடல் பதிவாக விழும், அடுத்தவன் பார்த்தால் 'இவனுக்கு என்ன அவசரம்?' என்று யோசிப்பான். கிடைக்குமா என்று பார்க்கும் சாதனம் எல்லா நல்ல வங்கியின் தளத்திலும் இருக்கிறது. அந்தத் தேடல் அடுத்தவர் கண்ணில் படாது.

ஊர்ப் பணத்தைக் காட்டப் போகிறாயா?

"மன்னார்குடி நிலத்தை வித்து அந்தக் காசைக் கொண்டுவந்து காட்டிடலாம்க்கா" என்றாயே, அதற்கு வருகிறேன்.

பிரைவேட் பேங்க் உன் பணத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் ஜாதகத்தைப் பார்க்கும். 2017-ன் பணமோசடித் தடுப்பு விதிகள்படி வங்கிகளுக்கு அது கடமை. கணக்கில் பணம் எந்த வங்கியிலிருந்து வந்தது என்று கேட்பதோடு விடமாட்டார்கள். இந்தச் சொத்து உன் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்று தாத்தா வரைக்கும் போவார்கள். தாத்தா பெயரில் இருந்த மூலப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், அப்பா காலமானபோது எடுத்த வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, விற்ற கிரயப் பத்திரம், வங்கி ஸ்டேட்மென்ட், வருமான வரி தாக்கல். பத்திரமெல்லாம் பெரும்பாலும் தமிழில் இருக்கும், அவற்றுக்கு அத்தாட்சியுள்ள ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். சித்தப்பாவிடம் கேட்டால் "எல்லாம் பீரோவுலதான் இருக்கு" என்பார். பீரோவில் இருப்பதை ஸ்கேன் பண்ணி அனுப்ப அவருக்கு மூன்று மாதம் ஆகும், இன்றைக்கே தொடங்கு.

அதைவிடப் பெரிய சிக்கல், பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை. வழிகாட்டி மதிப்புக்கு எழுதிவிட்டு மிச்சத்தை ரொக்கமாக வாங்கிக்கொள்வது ஊரில் சகஜம். அது தப்பு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ரொக்கம் லண்டன் வங்கி வாசலைத் தாண்டாது. உண்டியலில், அதாவது ஹவாலாவில், அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடு. அப்படி வந்த ஒரே ஒரு தொகை, நேர்மையாகச் சேர்த்த மற்ற எல்லாப் பணத்தையும் சந்தேகத்தில் தள்ளும். கார்டு கேட்டு வந்தவன் கணக்கையே இழந்துவிட்டுப் போவான்.

நேர்வழி கஷ்டமே இல்லை. விற்ற பணம் உன் என்.ஆர்.ஓ. கணக்கில் விழட்டும். வரி கட்டி, ஊர் ஆடிட்டரின் சான்றிதழோடு, ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்ப ரிசர்வ் வங்கி விதியே இடம் தருகிறது. நம் நிலம் அந்த வரம்பை எந்தக் காலத்திலும் தொடாது, கவலைப்படாதே.

இங்கத்து வரி? இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். என்.ஆர்.இ. டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அதனால் எங்கேயும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே வசிப்பவன் உலக வருமானத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வருமானத்துக்கு இருந்த பழைய 'நான்-டாம்' சலுகை 2025 ஏப்ரல் 6-லிருந்து போய்விட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நான்கு வருஷம் மட்டும் ஒரு விலக்கு இருக்கிறது. நீ வந்து 11 வருஷம் ஆகிறது. பிரைவேட் பேங்கில் போய் "இந்தியாவில் இத்தனை டெபாசிட் இருக்கிறது" என்று பெருமையாகச் சொன்னால் அவர்கள் கேட்கிற அடுத்த கேள்வி, "அந்த வட்டியை வரித்துறையிடம் சொன்னீர்களா?" என்பதுதான். வருகிற வாரம் இதைத் தனியாகப் பேசுவோம், போனில் வேண்டாம்.

இன்னொரு யுக்தி உன் மனதில் ஓடும், எனக்குத் தெரியும், சின்ன வயதில் மார்க் ஷீட்டில் நீயே அப்பா கையெழுத்தைப் போட்டவன். மச்சான்களிடம் பத்து நாளைக்குப் பணம் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டுவது. பல மாத ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். திடீரென்று வந்து திடீரென்று போகிற தொகைதான் முதலில் கண்ணில் படும்.

கூப்பிட்டுவிட்டார்கள் என்றால்

இத்தனைக்கும் பிறகு உனக்கு ஒருநாள் அந்தத் தகுதி வரலாம். உன் கம்பெனி விற்பனையாகி ஷேர் காசாகலாம். பெரும்பாலும் இந்தக் கதவு அக்கவுன்டன்ட், சொலிசிட்டர், இல்லையென்றால் ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஒருவர் சொல்லித்தான் திறக்கும். மேனேஜர் நல்ல கோட் போட்டுக்கொண்டு, நல்ல டீ கொடுத்து உட்கார வைப்பார். டீயைக் குடித்துக்கொண்டே கேள்.

வருஷத்துக்கு எல்லாக் கட்டணமும் சேர்த்து எவ்வளவு, சதவீதத்தில் வேண்டாம், பவுண்டில் சொல்லுங்கள். தொகை குறைந்துபோனால் எத்தனை மாதம் பொறுப்பீர்கள்? வெளியே போக என்ன செலவு? வெளிநாட்டில் தேய்த்தால் கட்டணம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியை மறக்காதே. பகட்டான கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்குச் சுமார் 3 சதவீதம் பிடிப்பார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்குப் பட்டு எடுத்தால் 3,000 ரூபாய் போச்சு, அதில் ஜாக்கெட் தைத்துவிடலாம். அந்தக் கட்டணமே இல்லாத, வருஷ சந்தாவும் இல்லாத கார்டுகள் இங்கேயே இருக்கின்றன. நான் ஊருக்கு எடுத்துப் போவது அப்படி ஒன்றுதான்.

பயண இன்ஷூரன்ஸ் இலவசம் என்பார்கள். வயது வரம்பு என்ன என்று பார், சில பாலிசிகளில் 70-ல் நின்றுவிடும். அம்மாவுக்கு 72. அம்மா ஊரிலிருந்து கிளம்பி வருவதற்கு உன் கார்டு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் உதவாது, அது இங்கே வசிப்பவர்களுக்கு. அம்மாவுக்கு ஊரிலேயே தனியாக எடு.

சார்ஜ் கார்டா, கிரெடிட் கார்டா என்றும் கேள். 1974-ன் நுகர்வோர் கடன் சட்டத்தில் 75-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளையோ சேவையையோ கிரெடிட் கார்டில் வாங்கி, விற்றவன் ஏமாற்றினாலோ கடையை மூடிவிட்டு ஓடினாலோ, கார்டு கம்பெனியும் சேர்ந்து பொறுப்பு. ஊருக்கு டிக்கெட் போட்ட ஏஜென்ட் திவாலாகி நம் தெருவில் மூன்று குடும்பம் அழுததே. அதில் ஒரே ஒரு குடும்பத்துக்குப் பணம் திரும்பி வந்தது, அவர்கள் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தார்கள். சாதா கார்டு, ஒரு சந்தாவும் இல்லாதது. மாதக் கடைசியில் முழுசாகக் கட்டியே ஆக வேண்டிய சார்ஜ் கார்டுகளுக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. டேபிளில் 'டங்' என்று விழுகிற சில கார்டுகள் அந்த வகைதான்.

சண்டை வந்தால் வங்கியில் புகார் கொடு. எட்டு வாரத்தில் தீரவில்லை என்றாலோ, தீர்வு பிடிக்கவில்லை என்றாலோ ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், பைசா செலவில்லை. வங்கி தன் இறுதிப் பதிலைக் கொடுத்துவிட்டால் ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வா. மூன்று கடன் அறிக்கையையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வா, போனில் காட்டாதே, என் கண்ணுக்குத் தெரியாது. வருகிற வழியில் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் முருங்கைக்காய் அரைக் கிலோவும் நல்ல கறிவேப்பிலை ஒரு கட்டும் வாங்கிக்கொள். கையில் சில்லறையாக எடுத்துப் போ. அந்தக் கடையில் அஞ்சு பவுண்டுக்குக் கீழே கார்டே வாங்க மாட்டார்கள், எந்தக் கலராக இருந்தாலும்.